நாலாவது காலுக்கு நிதி இல்லை

என்றும் என் மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்றுதான் இந்த இடத்தில் எழுத வேண்டும். அப்படி எழுதுவதற்குச் செலவில்லை என்பதால் எழுதிவிடுகிறேன். நீங்களும் அண்ணியும் குழந்தைகளும் உண்மையிலேயே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் செய்திருக்கலாம். ஆனால் நான் போன் பேசும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தவிர, கடிதம் என்றால் நீங்கள் பாதியில் குறுக்கே வந்து, “சரி விடும்மா, மாப்பிள்ளை நல்ல மனுஷன்தானே” என்று சொல்ல முடியாது. முழுவதையும் படித்தே ஆக வேண்டும்.

“பையன் கணக்குல புலி, ஒரு பைசா வீணாக்க மாட்டான்” என்று சொல்லி இந்தச் சம்பந்தத்தை முடித்து வைத்தவர் நீங்கள். அது பொய் என்று நான் குற்றம் சாட்டவில்லை. பொய்யாக இருந்திருந்தால் தேவலை என்றுதான் சொல்கிறேன். புலி என்று சொன்னீர்கள்; புலியோடு ஒரே வீட்டில் எப்படிக் குடியிருப்பது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மாப்பிள்ளை ஆபீஸில் கணக்குத் தணிக்கை செய்கிறவர். அங்கே அவர் எழுதிக் கொடுக்கும் அறிக்கைகளை மேலதிகாரி மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார். படிப்பதற்கு ஆள் இல்லை. இந்த ஏக்கத்தில் இருந்த மனிதர் கண்ணில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக் கட்டுரை பட்டது. வெளியே போய்ப் பொழுதுபோக்கும் குடும்பம் கடனில் மூழ்கும், வீட்டுக்குள்ளேயே பொழுதுபோக்கை வைத்துக்கொள்ளும் குடும்பம் மிச்சம் பிடிக்கும், மனமும் மலரும் என்று ஒரு நிபுணர் எழுதியிருந்தார். பக்கத்தில் நிபுணரின் படம். அதில் மலர்ச்சி ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அன்று மாலையே எங்கள் வீட்டில் பட்ஜெட் கூட்டம் நடந்தது. சினிமா ரத்து. ஓட்டல் ரத்து. பூங்காவும் ரத்து. “பூங்காவுக்கு டிக்கெட்டே கிடையாதேப்பா” என்றாள் மகள். “போயிட்டு வந்தா பசிக்கும்ல?” என்றார். இவற்றுக்குப் பதிலாக ஆளுக்கொரு வீட்டுப் பொழுதுபோக்கு, அதற்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை, ஞாயிறு மதியம் மூன்றிலிருந்து நாலு வரை எல்லோருக்கும் சொந்த நேரம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது அண்ணா, ஏன் மறைக்க வேண்டும்? கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று ஒரு மணி நேரத்தை யாரும் எழுத்தில் தந்ததில்லை.

நான் தேர்ந்தெடுத்தது தச்சு வேலை. சிரிக்க வேண்டாம். உங்கள் புத்தக அலமாரிக்கு ஆணி அடிக்கப் போய் நீங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது அதை முடித்துக் கொடுத்தவள் நான்தான். எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு நாலு நாற்காலி. வீட்டில் நாங்கள் நாலு பேர் இருந்தவரை சரியாக இருந்தது. மாமனார் எங்களோடு வந்து தங்கியபின் ஐந்து பேர். ஐந்தாவது ஆள் யார் என்று யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. நான் பாட்டுக்குப் பரிமாறிக்கொண்டே நின்று சாப்பிட ஆரம்பித்தேன். அவர்கள் பாட்டுக்கு அதுதான் எனக்கு வசதி என்று நினைத்துக்கொண்டார்கள். அதனால் எனக்கு ஒரு நாற்காலி செய்துகொள்ள நினைத்தேன். என் வாழ்க்கை லட்சியம் அவ்வளவுதான். சாய்மானம் உள்ள ஒரு நாற்காலி.

இங்கேதான் ஒரு தப்பு செய்தேன். ஒவ்வொருவருடைய பொழுதுபோக்கும் எந்தத் தலைப்பில் வரும் என்று மாப்பிள்ளை கேட்டார். மகன் எடை தூக்குகிறான், “உடல்நலம்” என்றான். அதிலிருந்து அவன் விழுங்கும் முட்டையெல்லாம் மருந்துக்குச் சமம். மகள் மீன் வளர்க்கிறாள், “கல்வி” என்றாள். மாமனார் கடிகாரம் பழுது பார்க்கிறார். வீட்டில் பழுதான கடிகாரம் இல்லாததால் ஓடுகிற கடிகாரத்தை முதலில் பழுதாக்கிவிட்டு அப்புறம் பார்க்கிறார். அது “பராமரிப்பு”. நான் ஒருத்திதான் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னேன். “பொழுதுபோக்கு” என்றேன்.

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொழுதுபோக்கா? அப்ப அதைக் கடைசில பார்க்கலாம். மத்த தலைப்புக்கெல்லாம் போக மிச்சம் இருந்தா நீ தாராளமா எடுத்துக்க.”

“ஆளுக்கொரு பொழுதுபோக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன். ஆனா பாரு, உன்னைத் தவிர வேற யாருக்கும் பொழுது போகலையே.”

மிச்சம் என்று ஒன்று எங்கள் வீட்டில் என்றைக்கும் இருந்ததில்லை என்பதால், தெருக்கோடி மரக்கடையில் எடை போட்டு விற்கும் துண்டு மரத்தைக் காய்கறிக் காசில் மிச்சம் பிடித்து வாங்கினேன். பால்கனியில் வைத்து அறுத்தேன். சொந்த நேரம் என்ற அந்த ஞாயிற்றுக்கிழமை மணி நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்குப் புரியும். மூன்று அடித்ததும் நான் ரம்பத்தைக் கையில் எடுப்பேன். “அம்மா, முட்டை வெந்துடுச்சா?” என்று ஒரு குரல். தொட்டித் தண்ணீர் மாற்ற வேண்டும், மீன் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும் என்று இன்னொரு குரல். “ஏம்மா, ஸ்பிரிங் ஒண்ணு கட்டிலுக்கடியில ஓடிடுச்சு, உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியும்” என்று மாமனார். எல்லாம் முடிந்து ரம்பத்துக்குத் திரும்பினால் அறைக்குள்ளிருந்து மாப்பிள்ளை, “டீ போடறப்போ எனக்கும் ஒண்ணு” என்பார். நான் டீ போடுகிறேன் என்று அவரிடம் யார் சொன்னது? நாலு பேருக்குச் சொந்த நேரம் இருக்க வேண்டுமானால் ஐந்தாவது ஆள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை அந்த நிபுணர் எழுதவில்லை; இடம் போதவில்லையோ என்னவோ. இப்படியாகப் பலகையும் சாய்மானமும் மூன்று கால்களும் செய்வதற்குள் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போய்விட்டன. மீதியிருந்த துண்டுகளில் நாலாவது காலுக்கான நீளம் எதிலும் இல்லை. புது மரம் வாங்கியாக வேண்டும். முறைப்படி கூட்டத்தில் கேட்டேன்.

“ஏன், முக்காலியா பண்ணிக்கயேன். ஒரு காலே மிச்சம்” என்றார்.

“முக்காலில சாஞ்சு உட்கார முடியாதுங்க.”

“சாஞ்சு உட்கார உனக்கு நேரம் எங்க இருக்கு?”

அண்ணா, அவர் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. வீட்டில் உள்ளவர்களின் நேர அட்டவணை அவர் மேஜையில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

அதற்கு அடுத்த வாரம் அந்த விபத்து நடந்தது. மூன்று கால் நாற்காலியைப் பால்கனிச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தேன். பார்ப்பதற்கு முழு நாற்காலி மாதிரியே இருக்கும். வேலை அவ்வளவு சுத்தம். மாமனார் ஒரு கடிகாரத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வந்தவர், நாற்காலி என்று நம்பி உட்கார்ந்தார். கடிகாரம் கையில் இருந்ததால் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. டாக்டரிடம் தூக்கிப் போனோம். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை, இடுப்புப் பிடிப்புதான் என்றார். தைலம், இடுப்புப் பட்டை, டாக்டர் பீஸ் எல்லாம் சேர்த்து யார் தலையில் கட்டுவது என்று கூட்டம் கூடியது. “உடல்நலம் என் தலைப்பு, அதுல யாரும் கை வைக்கக் கூடாது” என்றான் நான் பெற்ற பிள்ளை. மாமனார் கட்டிலில் படுத்தபடியே பெருந்தன்மையாகப் பேசினார்: “என்னால யாருக்கும் செலவு வேண்டாம்ப்பா. என்னைத் தள்ளிவிட்டது நாற்காலிதான? நாற்காலிக் கணக்குல எழுதிடு.”

எழுதிவிட்டார். பொழுதுபோக்கு என்ற தலைப்புக்கு வருஷம் முழுவதும் வரக்கூடிய மிச்சமும் அன்றோடு தீர்ந்தது. அதாவது, கால் இல்லாததால் மாமா விழுந்தார். மாமா விழுந்ததால் கால் கிடையாது. இதை நான் நின்று நிதானமாக எடுத்துச் சொன்னேன். மாப்பிள்ளை கவனமாகக் கேட்டுவிட்டு, “ஆமா, கணக்கு டேலி ஆகுதே” என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் குழந்தைகள் பிறந்தபோதும் பார்த்ததில்லை.

அந்த நிம்மதிதான் எனக்கு விஷயத்தை விளங்க வைத்தது. வீட்டில் ஐந்து பேர், நாலு பொழுதுபோக்கு. தனக்கு ஒன்றும் கிடையாது, குடும்பத்துக்காக உழைப்பதற்கே நேரம் போதவில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொள்கிறார். ஆனால் ஆபீஸிலிருந்து வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். இந்த வீட்டில் வேறு யாரும் கதவைச் சாத்தும்படியான வேலை எதுவும் செய்வதில்லை. உள்ளே மேஜை விளக்கு, பிரிண்டர், நாலு கலரில் மை, சுவரில் ஒட்ட சார்ட். இவை “நிர்வாகம்” என்ற தலைப்பில் வருகின்றன. அதற்கு உச்சவரம்பு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். எழுந்து என்பது பேச்சுக்கு. நான்தான் எப்போதும் நின்றுகொண்டிருக்கிறேனே.

“உங்க பொழுதுபோக்கை எந்தத் தலைப்புல எழுதியிருக்கீங்க?”

“எனக்கு ஏது பொழுதுபோக்கு?”

“இதோ, இந்த பட்ஜெட்.”

“இது பொழுதுபோக்கா? இது பொறுப்பு! வேற வழியில்லாம மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன்!”

“ஆனா அப்பா,” என்றான் மகன், முட்டையை உரித்துக்கொண்டே, “உள்ள அதைப் பண்றப்போ சீட்டி அடிக்கிறீங்களே.”

“அதுவும் சினிமாப் பாட்டு” என்றாள் மகள்.

மாமனார், “சந்தோஷமா இருந்தா அவன் சின்ன வயசுலயிருந்து அப்படித்தான்” என்று சாட்சி சொன்னார். மாப்பிள்ளை தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. மாலையில் அறையில் விளக்கு எரிவதில்லை. இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் நாற்காலிக்கு இன்னும் மூன்று கால்தான் இருக்கிறது.

அதனால் அண்ணா, இந்த மாதக் கடைசியில் நீங்கள் ஒரு வாரம் தங்குகிற மாதிரி கட்டாயம் வர வேண்டும். வந்து அவரை உட்கார வைத்துப் பேச வேண்டும். ஒரு காலுக்கு மரம், வாரத்தில் யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம், இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார். இதுவரை அவரிடம் கைமாற்றுக் கேட்காத உறவினர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் உங்கள்மேல் அவருக்குத் தனி மதிப்பு. அதற்கும் அவர் மசியவில்லை என்றால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்துவிடுவேன். சாத்தி வைக்க ஒரு சுவரை மட்டும் காலியாக வைக்கும்படி அண்ணியிடம் சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து நீண்ட நாள் நிறைவாக வாழட்டும். கணக்கில் மட்டும் முதல் மதிப்பெண் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை
(தலைப்பு: பொழுதுபோக்கு)

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் சில வாரங்கள் ஓடிவிட்டன. நிலைமை கொஞ்சம் மாறியிருப்பதால் மேலே எழுதியவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரு நாள் காலையில் மாப்பிள்ளை எல்லாத் தாள்களையும் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தார். “எனக்குப் பொழுது போகுதுன்னுதானே சொன்ன? நீயே பாரு, அப்பத் தெரியும்” என்றார். பார்த்தேன். தெரிந்தது. முட்டைக்கு இவ்வளவு ஆகிறது என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. மீனுக்கும் கல்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நிறுத்திவிட்டேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் தட்டுவதில்லை என்பது பெரிய ஆச்சரியம். கேட்காமலே டீ வருகிறது. ஞாயிறு மதியம் வீட்டில் ஆளாளுக்குச் சத்தம் போடுவது என் வேலைக்கு இடைஞ்சலாக இருப்பதால் அந்தச் சொந்த நேரத்தையும் எடுத்துவிட்டேன். பொழுது போகாத மாப்பிள்ளை பால்கனியில் ரம்பத்தைக் கையில் எடுத்தார். பஸ்ஸுக்குக் கொடுத்த காசை வைத்துக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தே போய் மரம் வாங்கி, நாலாவது காலைப் பொருத்திவிட்டார். அரை விரல் குட்டை, ஆனாலும் நிற்கிறது. நாற்காலி மேஜைக்கு வந்துவிட்டது. நான்தான் இன்னும் அதில் உட்கார்ந்து பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் கணக்கு ஓடுகிறது, தட்டை உள்ளேயே கொண்டுவரச் சொல்லிவிட்டேன். நீங்கள் வர வேண்டாம் அண்ணா. இந்தக் காலாண்டில் விருந்தாளி என்று ஒரு தலைப்பே வைக்க முடியவில்லை. வந்தே தீர வேண்டும் என்றால் எத்தனை வேளை சாப்பாடு என்று முன்கூட்டியே எழுதுங்கள். மாப்பிள்ளை நேற்று கதவடியில் ஒரு தாளைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். நாற்காலிக்கு வார்னிஷ் வேண்டுமாம். தலைப்பு என்ற இடத்தில் பொழுதுபோக்கு என்று எழுதியிருக்கிறார், பாவம். மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.