லேத் பாயும் இரட்டைத் துணிச் சட்டைப்பையும்

எழுதாத பேனா செய்வதில் லேத் பாயை மிஞ்ச இந்த உலகத்தில் இன்னொரு ஆள் பிறக்கவில்லை. அவர் செய்த பேனாவால் ஆணி அடிக்கலாம், தேங்காய் உடைக்கலாம், தெருநாயை விரட்டலாம். எழுத மட்டும் முடியாது. அதைப் பற்றி அவருக்குத் துளிக்கூட வெட்கம் இருந்ததில்லை.

"எழுதுறதுக்கு எந்தப் பேனாவும் எழுதும் தம்பி. கடையுறதுலதான் விஷயம் இருக்கு" என்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் ஒரு படகுப் பட்டறையில் நான் குமாஸ்தா. பாய் அங்கே லேத் மெஷின் ஓட்டுபவர், நாகூர்க்காரர். ஆஜர் புத்தகத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார். வேலை நேரத்தில் படகு விசிறியைச் சுழற்றும் இரும்புத் தண்டு கடைவார். சாப்பாட்டு நேரத்தில் பேனா கடைவார். சாப்பிடுவது எப்போது என்று யாருக்கும் தெரியாது. கல்யாணப் பேச்சை எடுத்தால் லேத்தைத் தட்டிக்கொடுத்து, "இதுக்கே டயம் பத்தல" என்று முடித்துவிடுவார்.

மெத்தென்ற சாமான் அவருக்கு ஆகாது. தேக்கு என்றால் முகத்தைச் சுளிப்பார். "அது வெண்ணெய் தம்பி, டூல் பட்டாலே வழியுது." அவருக்கு வேண்டியதெல்லாம் வைரம் பாய்ந்த கருங்காலி, சங்கு, கரை ஒதுங்கிய கடல் பசுவின் எலும்பு. எது எவ்வளவு கெட்டி என்று பார்க்க அவரிடம் இருந்த ஒரே கருவி பல். எது கிடைத்தாலும் கடித்துப் பார்ப்பார். பல் வலித்தால் சாமானைப் பத்திரமாக எடுத்து வைப்பார். பல் ஆடினால் அன்றைக்கு அவருக்குப் பெருநாள்தான். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே முன்வரிசையில் இரண்டு இடம் காலி.

கடைந்து முடித்த பேனா கண்ணைப் பறிக்கும். ஆனால் அத்தனை கெட்டியான சாமானுக்குள் மை நிற்கத் துளை போடுவதற்குள் பாய்க்குப் பொறுமை போய்விடும். ஊசி நுழையும் அளவுக்கு ஏதோ ஒன்றைப் போட்டு, மதராஸ் நிப்பைச் செருகி, நம் சட்டைப்பையில் குத்திவிடுவார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சாயங்காலத்துக்குள் அதன் கனத்தில் பை கிழிந்து தொங்கும். கடைசியில் அபர்தீன் பஜார் தையல்காரர் ஒருவர்தான் வழி கண்டுபிடித்தார். துணியோடு போய் நின்றால் அளவெடுக்கும் முன்பே, "லேத் பாய் கா தோஸ்த்?" என்று கேட்பார். தலையாட்டினால் இடது பையை இரட்டைத் துணி கொடுத்து, தடித்த நூலில் தைத்துத் தருவார். ஊரில் பாயின் சிநேகிதர்களைச் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வினை என் வீட்டுப் பார்சலில் வந்தது. திருநெல்வேலியிலிருந்து அம்மா பொருள்விளங்கா உருண்டை அனுப்பியிருந்தாள். எங்கள் வீட்டில் அதைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கித்தான் தின்போம். கப்பலேறிக் கடல் தாண்டி வந்தது இன்னும் இறுகிப் போயிருந்தது. உழைக்கிற மனுஷன் என்று பாய்க்கு ஒன்று கொடுத்தேன். கடித்தார். பல் ஆடியது. முகம் அப்படியே மலர்ந்தது.

வாயிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது என்ன மரம்?"

"மரம் இல்ல பாய், திங்குற பண்டம். அம்மா செஞ்சு அனுப்புனது."

"உம்மா கையால செஞ்சதா! இதப் போயித் திங்கிறீங்களே, உங்களுக்கு எப்படி மனசு வருது?"

கருங்காலியில் ஒரு பேனா, அதன் மூடிக்கு உச்சிக் கொண்டையாக இந்த உருண்டை என்று நின்ற இடத்திலேயே முடிவாகிவிட்டது. நான் தடுத்திருக்க வேண்டும். லேத்தில் அப்போது மிச்சமிருந்தது ஒரே ஒரு நல்ல வெட்டு டூல். மற்றவற்றைக் கருங்காலியும் கடல் பசுவும் தீர்த்துவிட்டன. புதுசு கப்பலில் வர இரண்டு வாரம் ஆகும். அதற்குள் ஒரு மோட்டார் படகுக்குத் தண்டு கடைந்தாக வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவின் உருண்டை பேனாவில் ஏறப்போகிற பெருமையில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கருங்காலிப் பகுதி முடிந்து, உருண்டையும் பாதி வரைக்கும் அழகாகத்தான் வந்தது. வெல்லப்பொடி பறந்து எங்கள் மீசையில் படிந்தது. திடீரென்று பிடி நழுவி டூலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. 'டங்' என்று ஒரு சத்தம். டூல் முனை போச்சு. உருண்டையில் ஒரு விரிசல் இல்லை.

"மாஷா அல்லா!" என்றார் பாய், உருண்டையைப் பார்த்து.

இரண்டு வாரம் படகு கரையில் கிடந்தது. அடுத்த கப்பலில் புது டூலோடு மெயின்லேண்டிலிருந்து பெரிய அதிகாரியான சாபும் வந்து இறங்கினார். "க்யா? லட்டு சே டூல் டூட்டா?" லட்டு பட்டா டூல் உடைந்தது என்று நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் நாங்கள் தரையைப் பார்த்தோம். பாயை மாயாபந்தர் மர முகாமுக்கு மாற்றச் சொன்னார். அங்கே யானை உண்டு, மரம் உண்டு, லேத் கிடையாது.

செய்தி கேட்ட பாய் லேத்தின் மேல் கையை வைத்தபடி நின்றார். கடித்துப் பார்க்கக்கூட எதையும் எடுக்கவில்லை. கெடுத்தது என் வீட்டு உருண்டை அல்லவா?

உத்தரவை டைப் அடித்தவன் நான்தான். சாப் கையெழுத்துப் போடாமல் கப்பலேறிவிட்டால், அடுத்த தடவை வருவதற்குள் கோபம் ஆறிவிடும். கப்பல் கிளம்பும் நாள் காலையில் ஆபீஸ் மைப்புட்டிகளை எல்லாம் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். என் அதிர்ஷ்டம், சாபின் பேனாவிலும் மை காய்ந்திருந்தது.

"ஸ்யாஹி லாவ்" என்று மை கேட்டார்.

"ஸ்யாஹி கதம் சாப். அகலா ஜஹாஜ் மே ஆயேகா" என்றேன். அடுத்த கப்பலில் வரும் என்று சொல்லிவிட்டால் அந்தமானில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. உப்பு முதல் ஊசி வரை எங்களுக்கு எல்லாம் அடுத்த கப்பல்தான்.

சாபின் கண் எங்கள் சட்டைகள் மேல் போனது. பாய் போக அறையில் ஐந்து பேர், ஐந்து பையிலும் பேனா. எனக்குப் பயமே இல்லை, ஐந்தும் பாய் செய்தவை. ஒவ்வொன்றாக வாங்கிக் காகிதத்தில் இழுத்துப் பார்த்தார். உதறினார். ஊதினார். ஒன்றும் அசைந்து கொடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். என் மனசுக்குள் மேளம் கொட்டியது. போகிற போக்கில், "சப் பேகார் கலம்!" என்றார், எல்லாம் உதவாத பேனாவாம்.

உத்தரவை வாங்க வந்து மூலையில் நின்ற பாய்க்கு வாழ்க்கையில் முதல்முறையாக ரோஷம் வந்தது. பையிலிருந்து உருண்டைக் கொண்டை வைத்த புதுப் பேனாவை எடுத்தார். நான் கண்ணைக் காட்டினேன். பக்கத்தில் போய் அவர் காலை மிதித்தேன். "சாப், யே தேக்கியே" என்று நீட்டிவிட்டார்.

டூல் இல்லாத அந்த இரண்டு வாரமும் வேறு வேலை இல்லாமல், கைத் துரப்பணத்தால் அதற்கு மட்டும் பொறுமையாகத் துளை போட்டு, மையும் நிரப்பி வைத்திருக்கிறார் மனிதர். சாபின் கையெழுத்து தண்ணீர் மாதிரி ஓடியது. "பஹுத் படியா!" என்று பாராட்டிவிட்டு, கொண்டையில் ஏறிய எறும்பை ஊதித் தள்ளிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாப் கப்பலுக்குக் கிளம்பினார்.

பாய் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தீங்களா தம்பி, சர்ருன்னு எழுதுச்சு!"

"பாய், அது உங்க மாறுதல் ஆர்டர்!"

"அது கெடக்கட்டும். எழுதுச்சா இல்லையா?"

மாயாபந்தர் படகு ஏறும்போது அந்தப் பேனாவை என் பையில் குத்தினார். "உங்க உம்மா பண்டம், உங்ககிட்டயே இருக்கட்டும்." படியில் கால் வைத்தவர் திரும்பினார். "லேத்துக்கு எண்ணெய் விடச் சொல்லுங்க தம்பி. மறந்துடுவானுங்க."

அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. பேனா செய்கிறவர், கடிதமா எழுதப்போகிறார்? பட்டறையில் புதிதாக வந்தவர் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிட்டார். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்து ஏதோ வேலையாக ஜெட்டிக்குப் போயிருந்தேன். மாயாபந்தர் படகு வந்து நின்றது. ஒரு வங்காளிக்காரர் இறங்கினார். அவருடைய இடது சட்டைப்பை இரட்டைத் துணி, தடித்த நூல் தையல். அவருக்குப் பின்னால் ஒரு ராஞ்சிக்காரர், அவருக்கும் அப்படியே. அடுத்து ஒரு தெலுங்கர், அவருக்கும் அப்படியே.

பாய்க்கு லேத் கிடைத்துவிட்டதா? ஓடிப்போய் வங்காளிக்காரரை மறித்தேன். "பாய் கோ லேத் மில் கயா?"

"மிலா நஹி, பனாயா!" கிடைக்கவில்லையாம், அவரே செய்துகொண்டாராம். காலால் தையல் மெஷின் மிதித்துக் காட்டினார். பழைய தையல் மெஷினில் லேத் கட்டியிருக்கிறார் பாய்! வங்காளிக்காரர் பையைத் தொட்டு வருத்தத்தோடு சொன்னார்: "லேகின் பாபு, கலம் லிக்தா நஹி." ஆனால் பேனா எழுதுவதில்லையாம்.

ஜெட்டியில் அத்தனை பேர் நடுவே நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

என் பேனாவும் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு ஒரு எழுத்து எழுதியதில்லை. கொண்டைக்கு இன்னமும் எப்போதாவது ஒரு எறும்பு வருகிறது. எழுதாத பேனாவை எதற்கு இத்தனை வருஷமாகச் சுமக்கிறீர்கள் என்று என் மனைவி கேட்கிறாள். கேட்டுக்கொண்டே என் புதுச் சட்டைக்கு இரண்டாவது துணியை வைத்துத் தைக்கிறாள். அந்தக் கனம் பையில் இல்லாத நாளில் எனக்கு நெஞ்சு என்னவோ போல் இருக்கிறது.