அட்டையில் உள்ளவர் மட்டும் உள்ளே வரவும்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் பெற்ற பெரும் பேறு, அம்பத்தூர் எத்திராஜின் கலர் ஸ்டுடியோ. எங்கள் போல்ட் கம்பெனியின் அடையாள அட்டைக் குழுச் செயலாளர் என்ற முறையில் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தொண்ணூற்றிரண்டில் ஜெர்மனிக்காரர்கள் சிலர் தொழிற்சாலையைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. உடனே முதலாளி கறுப்பு வெள்ளை அட்டைகளை ஒழித்தார். எல்லோருக்கும் கலர் அட்டை. ஆட்கள் கொஞ்சம் 'பளிச்'சென்று தெரியட்டும் என்றும் சொன்னார்.

எத்திராஜிடம் அதற்கான சகலமும் இருந்தது. இரண்டு மஞ்சள் பல்பு, முகத்துக்குக் கீழே பிடிக்க ஜிகினாத் தாள், ஒரு டப்பா ரோஸ் பவுடர். மிச்சத்தைப் பிரிண்ட் போடும்போது சிவப்பை ஏற்றிச் சரிக்கட்டிவிடுவார்.

"இன்னா கலரு வோணும் சார்? கோதுமையா, சந்தனமா?"

"அவங்கவங்க சொந்தக் கலர்ல எடுத்தா?"

"அது எதுக்கு சார்? அதுக்குத்தான் ஊட்ல கண்ணாடி கீதே."

அட்டைகள் வந்தன. தொழிற்சாலை முழுக்கச் சந்தன நிறம். என் அட்டையைப் பார்த்ததும் என் மனைவி பத்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். யாரோ வேற்று ஆள் என்று நினைத்திருக்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை வாட்ச்மேன் கங்காதரன் கேட்டை அடைத்துவிட்டார். பட்டாளத்தில் இருந்தவர். அட்டையும் முகமும் ஒத்துப்போகாவிட்டால் சொந்த மச்சானையும் விடமாட்டார். வரிசையில் முதலில் நின்றவர் பேக்கிங் பிரிவு லூர்தம்மாள்.

"இதுல கீற அம்மா வரட்டும், உள்ள உடறேன். நீ யாரு?"

லூர்தம்மாளைத் தற்காலிகப் பணியிலிருந்து நிரந்தரமாக்கும் நாள் அது. காலை ஷிப்டில் கையெழுத்துப் போடாவிட்டால் உத்தரவு ரத்து.

குழு அவசரமாகக் கூடியது. படங்களைத் திரும்ப எடுக்கலாமே என்றார் ஒருவர். முதலாளி பாராட்டிய படத்தில் குறை காண்பது ஒழுங்கீனம் என்று அவருக்கு விளக்கப்பட்டது. படம் சரி என்றால் முகம்தான் தவறு. 'ஊழியர்கள் தத்தம் அட்டைக்குரிய நிறத்தில் பணிக்கு வருதல் வேண்டும்' என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். கேட்டருகே மேசை போட்டு, கம்பெனி செலவில் ரோஸ் பவுடர் வைத்தோம். முன்மாதிரியாக நானே முதலில் பூசிக்கொண்டேன். கங்காதரன் சல்யூட் அடித்தார். மற்றவர்களும் முணுமுணுத்தபடி பூசிக்கொண்டு உள்ளே போனார்கள்.

லூர்தம்மாள் டப்பாவைத் தொடவில்லை.

"கொஞ்சம் பூசிக்கம்மா. பர்மனென்ட் ஆர்டர் ரெடியா இருக்கு" என்றேன்.

"இத்தினி வருசமா இந்த மூஞ்சியோடதான சார் பொட்டி கட்டிக்கினு கீறேன்? அப்பல்லாம் எவனும் ஒண்ணும் சொல்லலயே."

"மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. அட்டைக்குப் பொருந்தல, அவ்வளவுதான்."

அவர் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்போ வேலைய இவளுக்கே குடு சார். செவப்பா கீறா. நாளைலேர்ந்து இவளே வந்து பொட்டி கட்டட்டும்."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். குழு அவரது யோசனையை ஏற்று, அந்தப் படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டியது. ஜெர்மனிக்காரர்கள் இந்த அம்மாளைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். லீவில் இருப்பதாகச் சொன்னோம். அவர்கள் போனதும் முதலாளி படத்தைக் காட்டி, "இனிமே இந்த மாதிரி ஆளுங்களையே எடுங்க" என்றார்.

அன்றிலிருந்து நேர்முகத் தேர்வு நடத்திக்கொண்டே இருக்கிறேன். ஆவடியிலிருந்து வருகிறார்கள், திருநின்றவூரிலிருந்து வருகிறார்கள். எல்லோருக்கும் வேலை தெரிகிறது. ஆனால் என்ன செய்ய, அத்தனை பேரும் லூர்தம்மாளைப் போலவே இருக்கிறார்கள். பவுடரைத் துடைத்தால் நானும் அப்படித்தான் இருப்பேன். அதனால்தான், அவர்களை நிராகரித்து முடிக்கும்வரை, நான் முகம் கழுவுவதில்லை.