மூன்று நாள் மவுத்து

டாக்டர் ஷிஹாபின் இடது காலைத் திருப்பிப் பார்த்தார். கெண்டைக்காலில் நீல நரம்பு முறுக்கிப் புடைத்துக்கொண்டு கிடந்தது.

“வலை மாதிரி இருக்கிற சின்ன நரம்புக்கு ஊசி போதும். பெரிய நரம்பை லேசர் வச்சு மூடணும். பிறகு மூணு நாளைக்கு நடக்கலாம். ஒரே இடத்துல நிக்கவே கூடாது.”

“லேசர் வேணாமெண்டா?”

“இப்ப மாதிரியே இறுக்கமான காலுறை போட்டுக்கிட்டு இருங்க. புண் வந்தா என்னட்ட வந்து அழாதீங்க.”

ஷிஹாப் கண்டி டவுனில் பதினாலு வருஷமாக நின்றபடியே சாரி விற்கிறவன். விற்கிறவர்களுக்கு உட்காரக் கதிரை கிடையாது. போன வருஷம் முழங்கால் வலியென்று சொன்ன ஃபாஸில், அடுத்த வாரம் கடையில் இல்லை. முதலாளி மக்கீன் ஹாஜியார் லீவு தருவது ஒன்றுக்கு மட்டும்தான்: மவுத்து, சொந்தத்தில் ஒரு சாவு.

ஸ்கேன் எடுத்த அன்று மனைவியின் சாச்சாவைச் சாகடித்தாயிற்று. மூன்று நாளுக்கு ஒரு சாச்சா போதாது.

“ஹாஜியார், எங்கட மாமி மவுத்தாகிட்டாங்க.”

கண்ணீர் தானாகவே வந்தது. கால் அப்படி வலித்தது.

“இன்னாலில்லாஹி... எங்க?”

“தெல்தோட்டையில. மூணாம் நாள் கத்தம் ஓதி முடியிற வரைக்கும் நிக்கணும். செவ்வாய், புதன், வியாழன். பாதையில மண் சரிஞ்சிருக்கு, நீங்க வர ஏலாது.”

ஹாஜியார் கலண்டரில் அந்த மூன்று நாளையும் விரலால் எண்ணினார். “மூணு நாள்... சரி, போங்க.”

லேசர் முடிந்து காலில் கட்டுப் போட்டாயிற்று. மஹய்யாவ வீட்டில் மனைவியின் தாய் அபீபா மாமி, உயிரோடு, மருமகனின் காலுக்கு இரண்டு தலையணை வைத்துக் கஞ்சி கொடுத்தாள்.

புதன்கிழமை மாமிக்குக் காய்ச்சல் வந்தது. உண்மையாகவே மவுத்தாகிவிட்டால் கடையில் என்ன சொல்வது? இன்னொரு மாமிக்கு எங்கே போவது?

“மாமி, இந்தக் குளிசையக் குடிங்க. இன்னொண்டு குடிங்க.”

“பெத்த புள்ள கூட இப்பிடிப் பாக்காது” என்று மாமி அழுதாள். அவனும் அழுதான்.

மறுநாள் காய்ச்சல் விட்டது. வெள்ளிக்கிழமை அவன் கடைக்குப் போனான். பதினொரு மணிக்கு, அவன் மறந்துவிட்டு வந்த மருந்தைக் கையில் பிடித்தபடி மாமி மழையிலிருந்து கடைக்குள் ஏறினாள்.

“மருமகன்!”

பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண் அஸீமா திரும்பினாள். ஷிஹாபின் வாய் அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது:

“இது... மாமிட தங்கச்சி.”

அஸீமா ஓடிப்போய் மாமியைக் கட்டிப்பிடித்தாள். “ஒங்கட ராத்தா இப்பிடித் திடீரெண்டு மவுத்தாகிட்டாங்களே!”

அபீபா மாமிக்கு மூத்தவராக ஒரேயொரு ராத்தா. அவர் இருப்பதும் தெல்தோட்டையில்தான்.

“யா அல்லாஹ்! எப்ப? எனக்கு ஒருத்தரும் சொல்லல்லியே!”

மாமி சாரிக் குவியலின் மேல் விழுந்து ஒப்பாரி வைத்தாள். வாங்க வந்தவர்கள் கூடினார்கள். யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

“மாமி, அது... அப்பிடி இல்ல...” உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மாமியே போய்விடுவாள் போலிருந்தது.

எல்லாம் முடிந்ததென்று ஹாஜியாரைப் பார்த்தான். அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. அவர் மாமியைப் பார்க்கவுமில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவருடைய மனைவி கைரியா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

விஷயத்தை அஸீமாவிடம் கேட்டறிந்த கைரியா, நேரே போய் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அழாதீங்க. அந்தத் தெல்தோட்டை மவுத்து வீட்டுல எங்கட ஹாஜியாரும் மூணு நாளா கதிரையில இருக்காம நிண்டாரே! நிண்டு நிண்டே, பாவம், ரெண்டு கால்லயும் கட்டுப் போட்டுக்கிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாரு.”