முட்டு இருக்கோ?

கண்டி வட்டாரத்தில் டொக்டர்களையே பரீட்சைக்கு உட்கார வைத்தவர் கேள்வி அக்கா ஒருவர்தான். மடுல்கெல்லவில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். நான் நம்பர் எழுதிக்கொடுக்கும் மூச்சிழுப்பு கிளினிக்குக்கு மாதம் ஒருமுறை வருவார். டொக்டர் என்ன சொன்னாலும் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இவர் கதிரையை விட்டு எழும்ப மாட்டார்.

"நான் சொன்னத ஒருக்கா திருப்பிச் சொல்லுங்க பாப்போம்" என்பார்.

அதை நான் சிங்களத்தில் சொல்ல, தமிழ் தெரியாத டொக்டரும் பள்ளிப் பிள்ளைபோல ஒப்பிப்பார். பிழைத்தால் மறுபடி முதலிலிருந்து. அதற்குள் வரிசை வராந்தாவைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விடும்.

இந்த நிலையில் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் மாற்றலாகி வந்தார். இனித் தமிழுக்குத் தமிழ். மொழிபெயர்ப்புத் தொல்லை விட்டது என்று அன்று ஒரு பிளேன்டீ கூடுதலாகவே குடித்தேன்.

"ஐயா, முட்டு இருக்கோ?" என்று கேட்டார் டொக்டர்.

"இல்லீங்க" என்றார் தோட்டத்துப் பெரியவர் முனியாண்டி.

"நல்லது. மருந்தைக் குறைப்பம்."

அன்று வந்தவர்களில் பாதிப்பேருக்கு முட்டு இல்லை, மருந்தும் குறைந்தது. எவ்வளவு கைராசி என்று வியந்தோம். பத்தாம் நாள் முனியாண்டியை மூச்சுவிட முடியாத நிலையில் ஆட்டோவில் கொண்டுவந்து வார்டில் சேர்த்தார்கள்.

அடுத்த கிளினிக்கில் கேள்வி அக்காவின் முறை.

"அக்கா, முட்டு இருக்கோ?"

"இருக்குங்க, ரெண்டு." முழங்காலைத் தட்டிக் காட்டினார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. எனக்கு இழுக்குறது நெஞ்சுலங்க. அத ஏங்க கேக்கவே மாட்டேங்கிறீங்க?"

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "எங்கட பக்கம் முட்டு எண்டா இழுப்புத்தான் அக்கா."

"எங்க பக்கம் முழங்காலுங்க."

எனக்கும் முட்டு என்றால் முழங்கால்தான். இழுப்புக்கு முழங்காலைப் பார்ப்பது புதிய வைத்தியமாக இருக்கும் என்று, பக்கத்தில் இருந்தே தலையாட்டியவன் நான்.

டொக்டரின் முகம் வெளுத்துவிட்டது. மருந்து குறைத்தவர்களின் கார்ட்டுகளை எல்லாம் எடுக்கச் சொன்னார். பின்னேரம்வரை இருவரும் ஒவ்வொருவராக டெலிபோனில் கூப்பிட்டோம். முனியாண்டி தேறி வீடு போனார். அதன்பிறகு டொக்டர் எல்லோரிடமும் நெஞ்சைத் தொட்டுக் காட்டித்தான் கேட்டார்.

கேள்வி அக்கா இப்போது கம்பளையில் மகளோடு இருக்கிறார், கிளினிக்கும் அங்கேதான். எங்கள் வரிசை மதியத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. நேரத்தோடு வீட்டுக்குப் போகிறேன். என்னவோ, அது எனக்குப் பிடிக்கவே இல்லை.