வண்டு ஓவசியரின் கலியாணப் பட்டியல்

அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் இடையில் ஓடிய பஸ்களில், சட்டைப்பையில் உயிருள்ள வண்டோடு பயணம் செய்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் வண்டு ஓவசியர். கொண்டக்டர்கள் அவருக்கு டிக்கெட்டை விரல் நுனியில் பிடித்து, எட்ட நின்றுதான் நீட்டுவார்கள்.

எழுபதுகளின் கடைசியில் அக்கரைப்பற்றில் குளம், வாய்க்கால் பார்க்கும் அரசாங்க அலுவலகம் ஒன்றில் நான் கிளாக்கர். வாய்க்கால்களில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று அளந்து வருவது ஓவசியரின் வேலை. வாடகை வீடு ஒன்றில் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தோம். இரண்டு பேர் என்பது பேச்சுக்குத்தான். போத்தல்களில் வண்டுகள், கூரை இறப்பில் பன்னிரண்டு புறாக்கள், சட்டியில் மண்புழுக்கள் என்று அந்த வீட்டில் எனக்குத்தான் இடம் போதாமல் இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் அட்டை கிழிந்த ஒரு புத்தகம். முன்னொரு காலத்தில் ஐந்து வருசம் கப்பலில் உலகத்தைச் சுற்றி, உயிர்கள் எப்படி மெல்ல மெல்ல மாறி வந்தன என்று எழுதிய ஓர் இங்கிலாந்துப் பெரியவரின் வாழ்க்கை அதில் இருந்தது. மற்றவர்கள் அப்படி ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு மூடிவைப்பார்கள். நம்மவர் அதைப் படித்த கையோடு அப்படியே வாழத் தொடங்கிவிட்டார்.

பெரியவர் இளவயதில் இரண்டு கையிலும் வண்டு வைத்திருந்தபோது மூன்றாவது ஒன்றைக் கண்டாராம். கையிலிருந்த ஒன்றை வாய்க்குள் போட்டுக்கொண்டு அதைப் பிடிக்கப் போனாராம். இறக்காமத்து வாய்க்கால் கட்டின் மேல் ஓவசியரும் அதையே செய்தார். அந்த நேரம் பார்த்து இஞ்சினியர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"என்ன ஓவசியர், தண்ணி எத்தின அடி?"

"ம்ம்."

"என்ன ம்ம்? வாயத் திறந்து சொல்லுமன்!"

திறந்தார். வண்டு இஞ்சினியரின் குறிப்புப் புத்தகத்தில் விழுந்து நடந்து போனது. ஒரு கிழமை ஓவசியரின் நாக்கு வீங்கிக் கிடந்தது. "பெரியவருக்கும் இப்பிடித்தான் மச்சான் நாக்கு எரிஞ்சது" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று பெரியவர் வாத்தியம் வாசித்துப் பார்த்தவராம். எங்களிடம் வாத்தியம் இல்லை. ஓவசியர் என்னுடைய ரேடியோவைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பாட்டுக்குப் புழு அசையவில்லை. செய்திக்கும் அசையவில்லை. விலைவாசி உயர்வைச் சொன்னபோதுகூட அசையாமல் கிடந்த அந்தப் புழுக்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது.

இப்படிப்பட்டவருக்கு நிந்தவூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணை அவர் ஒரே ஒரு தரம் வாய்க்கால் ஓரம் கண்டிருந்தார். அன்றைக்கு மூன்றடித் தண்ணீரைப் பதின்மூன்று அடி என்று எழுதி வைத்தார். ஊருக்குள் வெள்ளம் வரப்போகிறதென்று அலுவலகமே கலங்கிப்போனது.

பெண்ணின் பெரிய மாமா மாப்பிள்ளை பார்க்க வந்தார். நாற்பது வருசமாக வயல் செய்கிறவர்.

"தம்பி, மனிசன் குரங்குல இருந்து வந்தானெண்டு நீங்க கதைக்கிறவரெண்டு ஊருக்குள்ள சொல்லுறாங்க."

"இல்ல மாமா. நான் நெல்லும் புறாவும்தான் கதைக்கிற."

"அப்ப சரி. நெல்லெண்டா எனக்கும் விளங்கும். சொல்லுங்க."

"ஒரு வயல்ல ஒரு கதிரப் போல மத்தக் கதிர் இல்ல மாமா. வெள்ளத்துக்கு நெட்டை தப்பும், காத்துக்குக் குட்டை தப்பும். தப்பினதுதான் விதையாகும். மறுகா அதுட பிள்ளைகள். இப்பிடிக் கனகாலம் போனா நெல்லே வேற நெல்லாப் போயிரும். இதத்தான் பெரியவர் கண்டுபிடிச்சார்."

மாமா தாடியைத் தடவினார். "இதுக்கா அந்த மனிசன் அஞ்சு வருசம் கப்பல்ல அலைஞ்சார்? இஞ்ச வந்திருந்தா நான் அரை மணித்தியாலத்துல சொல்லிக் குடுத்திருப்பனே!"

சம்பந்தம் பொருந்திவிட்டது. ஆனால் ஓவசியருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் போய்த்தான் இருக்க வேண்டும். ஒரு பெட்டியும் உடுப்புமாகப் போவதுதான் வழக்கம். புழுச் சட்டியோடு போன மாப்பிள்ளையை யாரும் கண்டதில்லை. அவளையும் விட முடியாது, இவற்றையும் விட முடியாது என்று மனிதர் தவித்தார்.

பெரியவரும் கலியாணத்துக்கு முன் நல்லது கெட்டதை எழுதிப் பார்த்தவராம். ஓவசியரும் அலுவலகத்தின் பழைய நீர்மட்டத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் நடுவில் கோடு போட்டு, 'முடித்தால்', 'முடிக்காவிட்டால்' என்று எழுதினார். மனைவி எப்படியும் நாயைவிட மேல் என்று பெரியவர் எழுதியிருந்தாராம். நாங்கள் நாய் வளர்ப்பதில்லை என்பதால் ஓவசியர் அதை 'புறாவைவிட மேல், அநேகமாக' என்று திருத்திக்கொண்டார்.

கடுத்தம் எழுத, அதாவது கலியாணப் பதிவுக்கு, பெயர் விபரம் வாங்கிப் போக மாமா மறுபடி வந்தார். ஓவசியர் அதையும் ஒரு நீர்மட்டத் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதி வைத்திருந்தார். மேசை லாச்சியைத் திறந்து மடித்த தாளைக் கொடுத்தார். மாமா அதை இடுப்பு வாருக்குள் சொருகிக்கொண்டு பஸ் ஏறினார்.

பின்னேரம் லாச்சிக்குள் பெயர் விபரம் பத்திரமாகக் கிடந்தது.

"மச்சான், நான் முடிஞ்சன்! புறாவ எழுதினத அவ பாத்தா என்ன நினைப்பா?"

"என்ன நினைக்கிற? இனி நீங்க புறாவத்தான் முடிக்கணும்."

பகிடி எடுபடவில்லை. இரண்டு நாள் அவர் தேத்தண்ணி மட்டும் குடித்தார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

மூன்றாம் நாள் மாமா வந்தார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு தாளை நீட்டினார். ஓவசியர் எட்டி நின்றுகொண்டார்; நான்தான் வாங்கி விரித்தேன். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால், குண்டு குண்டான எழுத்தில் பதில் இருந்தது.

'பூச்சிகளுக்கு இடம் கிடைக்காது' என்பதற்குப் பக்கத்தில்: 'நெல் வைத்த அறை சும்மா கிடக்கிறது. பாம்பு மட்டும் கூடாது.'

'சொந்தக்காரர் வீடுகளுக்குப் போக வேண்டிவரும்' என்பதற்கு: 'பெருநாளைக்குக் கட்டாயம்.'

'புறாவைவிட மேல், அநேகமாக' என்பதற்கு: 'எந்தப் புறா என்று வந்து காட்டவும்.'

மாமாவுக்கு அதற்கு மேல் உம்மென்று இருக்க முடியவில்லை. "ரெண்டு நாளா அந்தப் புள்ள தனியச் சிரிச்சுக்கிட்டு இரிக்கா தம்பி. கெதியா வந்து சேருங்க."

ஓவசியர் தாளை வாங்கி மூன்று தரம் படித்தார். பிறகு சாறன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைப் புறாவைத் தேடிக் கூரை இறப்புக்குக் கீழே ஓடினார்.

மாப்பிள்ளை ஊர்வலத்தில் நிந்தவூரே வாசலுக்கு வந்துவிட்டது. முன்னால் பைத் என்னும் வாழ்த்துப் பாட்டைப் பாடினார்கள். பின்னால் நான் மடி நிறையப் போத்தல்களோடு வண்டியில் போனேன். எல்லாவற்றையும் இறக்கி அந்த நெல் அறையில் அடுக்கிவிட்டுத் தனியாக பஸ் ஏறினேன். மூன்று வருசம் அந்த மனிதரோடு சண்டை பிடிக்காத நாள் இல்லை. அக்கரைப்பற்று வந்து சேரும்வரை என் கண் கலங்கிக்கொண்டே இருந்தது. ஏன் என்று கேட்ட பக்கத்து ஆளிடம், கண்ணுக்குள் வண்டு விழுந்துவிட்டது என்றேன்.