ஏழாம் வரிசை, ஒன்பதாம் இருக்கை

பெயர் எமில் கபுஸ்தா. வயது அறுபத்தொன்று. ஊர், பென்சில்வேனியாவில் ஆற்றோரம் இருக்கும் கிரென்னல். அக்டோபர் மாத இருப்பிடம்: ரூபி தியேட்டர், ஏழாம் வரிசை, ஒன்பதாம் இருக்கை.

பேஸ்பால் என்ற விளையாட்டு தோன்றிய நாள் முதல் இன்றுவரை, ஒரு பந்தைக்கூடக் கண்ணால் பார்க்காமல் தன் அணிக்குக் கோப்பை வென்று கொடுத்த மகான் இவர் ஒருவர்தான். மைதானத்தில் ஒன்பது பேர் ஓடினார்களே என்று கேட்கலாம். ஓடினார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள், ஓடத்தான் வேண்டும். எமில் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்தார்.

முப்பத்தெட்டு வருடமாக நாரைகள் அணி கோப்பையைத் தொட்டதில்லை. முப்பத்தெட்டு வருடமும் எமில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. இந்த இரண்டு செய்திகளுக்கும் தொடர்பு உண்டு என்று கண்டுபிடிக்க ஊருக்கு முப்பத்தெட்டு வருடம் ஆனது. விஞ்ஞானம் அவசரப்படாது.

கண்டுபிடிப்பு நடந்த விதம் இது. இறுதித் தொடரில் ஏழு ஆட்டங்கள். நான்கை ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. முதல் ஆட்டத்தை எமில் வீட்டில் டிவி முன்னால், ராசிக்காகத் தொப்பியை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒரு மாதமாகத் துவைக்காத சட்டையோடு பார்த்தார். தோல்வி. இரண்டாம் ஆட்டத்தன்று அவர் மனைவி லொரெய்ன் டிவியை அணைத்தார்.

"பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கிட்டு பெட்டியைப் பார்த்துக் கத்துறதுக்கு, என்கூட சினிமாவுக்கு வா. நாம சேர்ந்து படம் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு?"

ரூபியில் ஓடியது குழந்தைகள் படம். தொலைந்துபோன நீர்நாய்க் குட்டி ஒன்று பாட்டுப் பாடிக்கொண்டே அம்மாவைத் தேடும். இருவரும் ஒரே பொட்டலத்தில் பாப்கார்ன் சாப்பிட்டார்கள். குட்டி அம்மாவைக் கண்டுபிடித்தபோது லொரெய்ன் எமிலின் தோளில் சாய்ந்து மூக்கை உறிஞ்சினார். வெளியே வந்தால் நாரைகள் ஜெயித்திருந்தார்கள்.

மூன்றாம் ஆட்டத்தன்றும் எமில் டிவி பார்க்கவில்லை. லொரெய்னின் நாடக ஒத்திகைக்குப் போய் உட்கார்ந்திருந்தார். ஒன்பதுக்கு ஒன்று என்று உதை. நான்காம் ஆட்டத்துக்கு லொரெய்ன் ஒத்திகைக்குப் போக, எமில் தனியாக ரூபிக்குப் போய் அதே இருக்கையில் அதே நீர்நாயைப் பார்த்தார். வெற்றி.

மறுநாள் இதை முடிதிருத்தும் கடையில் விளையாட்டாகச் சொல்லித் தொலைத்தார். கடைக்காரர் டொமினிக் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

"எமில், இன்னொரு தடவை சொல்லு. மெதுவா. எந்த சீட்டு?"

எமில் பாதி வெட்டிய தலையோடு காத்திருக்க, அங்கேயே 'வெற்றிப் பாதுகாப்புக் குழு' அமைந்தது. தலைவர், டொமினிக். ஆன்மிக ஆலோசகர், பக்கத்து நாற்காலியில் கன்னமெல்லாம் சோப்பு நுரையோடு இருந்த ஃபாதர் ஹ்ருஷ்கா. செயலாளர், வரிசையில் காத்திருந்த க்ளைட். பகலில் இன்சூரன்ஸ் முகவர், மாலையில் ஊர் நாடக மன்றத்தின் இயக்குநர். குழுவின் முதல் கூட்டக் குறிப்பு இன்றும் அந்தக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது:

'திரு. கபுஸ்தா ஆட்டத்தைப் பார்த்தால் தோல்வி. ஆட்டத்தை விட்டு நாடகத்தைப் பார்த்தாலும் தோல்வி. நீர்நாயைப் பார்த்தால் வெற்றி. மேலும், இரண்டாம் ஆட்டத்தன்று மனைவி உடனிருந்தார், நான்காம் ஆட்டத்தன்று இல்லை, இரண்டிலும் வெற்றி. ஆகவே மனைவியின் இருப்பு அவசியமற்றது என்பது ஐயமற நிறுவப்பட்டது. ஏகமனதாக.'

"இதுல கடவுளோட பங்கு என்னன்னு ஒரு வரி எழுதலையே?" என்றார் ஃபாதர்.

"அவரு எதிர் டீமுக்கும் வேண்டியவரு, ஃபாதர். குழுவுல சேர்க்க முடியாது" என்றார் டொமினிக்.

ஐந்தாம் ஆட்டத்தன்று ஒன்பதாம் இருக்கையில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப மனம் வராமல் எமில் எட்டில் உட்கார்ந்தார். தோல்வி. மறுநாள் அந்த இருக்கையில் 'ஊர்ச் சொத்து' என்று பலகை மாட்டினார்கள். எமிலைத் தெருவில் பார்த்தவர்கள் தொப்பியை எடுத்து வணங்கினார்கள். ரொட்டிக்கடையில் வரிசை விலகி வழிவிட்டது. நாற்பது வருடம் பம்பு ஆலையில் வால்வு மாட்டி ஓய்வு பெற்றவருக்கு இப்படி யாரும் வழிவிட்டதில்லை. பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்.

இப்போது லொரெய்ன். பதினொரு வருடமாக நாடக மன்றத்தில் இருக்கிறார். முதல் மூன்று வருடம் திரைக்குப் பின்னால் அழைப்பு மணி அடித்தார். பிறகு 'இரண்டாவது பக்கத்து வீட்டுக்காரி'. பிறகு நான்கு நாடகங்களில் தொடர்ந்து பிணம். "மூச்சே விடல நீ, அசந்துட்டேன்" என்று எமில் ஒவ்வொரு முறையும் மனதாரப் பாராட்டினார். இந்த வருடம்தான் முதன்முறையாகப் பெரிய வேடம். இன்ஸ்பெக்டர். கடைசிக் காட்சியில் நீள மேல்கோட்டோடு நின்று, ஒன்றரைப் பக்கம் பேசி, கொலை நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததாக டிக்கெட்டைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கும் கொலைகாரனைப் பிடிப்பார். கொலைகாரன், நம் டொமினிக்.

மாதம் முழுவதும் சமையலறையில் பியரோகிக் கொழுக்கட்டை வெந்துகொண்டிருக்க, லொரெய்ன் கரண்டியை நீட்டி அந்த வசனத்தைப் பேசினார். எமில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு திருத்தினார்.

"'அப்பாவியா இருக்கிறவன் டிக்கெட்டைக் கசக்கிக் குப்பையில போடுவான். தான் அங்க இல்லைன்னு காட்ட டிக்கெட்டைப் பத்திரமா வெச்சிருக்கான் பாருங்க...' அடுத்து என்ன, எமில்?"

"'அவன்தான்'னு ஆரம்பிக்கும்."

"ஆங். 'அவன்தான் கொலைகாரன்!' கரண்டியை யாரை நோக்கி நீட்டட்டும்?"

"என்னை நோக்கி நீட்டு. வேற யாரு இருக்கா இங்க?"

நாடகம் இரண்டே நாள். வெள்ளி, சனி. ஆறாம் ஆட்டம் வெள்ளி. ஏழாம் ஆட்டம், நடந்தால், சனி.

வெள்ளிக்கிழமை ரூபியில் படம் மாற வேண்டும். தியேட்டர்காரி வில்மா, ஹாலோவீனுக்கென்று பேய்ப் படம் ஒன்று வரவழைத்திருந்தார். குழு போய் வில்மாவைப் பார்த்தது.

"நீர்நாயைப் பார்க்க ஒருத்தரும் வர்றதில்லை, டொமினிக்."

"வில்மா, நீ இந்த ஊர்லதானே பொறந்தே?"

நீர்நாய் நீடித்தது. எமிலும் போய் உட்கார்ந்தார். புறப்படும்போது லொரெய்ன் கண்ணாடி முன்னால் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"என் நாடகத்துல உட்கார்ந்தாலும் நீ ஆட்டத்தைப் பார்க்கப்போறதில்லை. அப்புறம் என்ன?"

"இல்ல லொரெய்ன்... மூணாவது ஆட்டத்தன்னிக்கு ஒத்திகைல இருந்தேன் பாரு..."

"ஓ. அப்ப நான்தான் அபசகுனமா?"

கூட்டக் குறிப்பில் அந்த வார்த்தை எங்கும் இல்லை. எமில் அதைச் சொல்ல நினைத்தார். சொல்லாமல் இருக்கும் அளவுக்கு அறிவு இருந்தது.

"நாளைக்கு வரேன். சத்தியமா. முதல் வரிசைல."

"நாளைக்குதான் கடைசி, எமில். ஞாயித்துக்கிழமை செட்டைப் பிரிச்சிடுவாங்க. எனக்கு அறுபது வயசு. அடுத்த வருஷம் திரும்பப் பிணம்தான்."

அன்று நாரைகள் ஜெயித்தார்கள். மூன்றுக்கு மூன்று.

சனிக்கிழமை எமில் சத்தியத்தைக் காப்பாற்றப் புறப்பட்டார். கல்யாணங்களுக்கு மட்டும் போடும் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். மஞ்சள் சாமந்திக் கொத்து ஒன்று வாங்கி வைத்திருந்தார். லொரெய்ன் வேடம் போட்டுக்கொள்வதற்காக முன்கூட்டியே போய்விட்டார். எமில் கதவைத் திறந்தால் வாசலில் குழு. டொமினிக் ஏற்கெனவே கொலைகாரன் ஒப்பனையில் இருந்தார், கையுறையில் ரத்தம்.

"எங்க கிளம்பிட்டே, கோட்டு சூட்டோட?" என்றார்.

"லொரெய்னுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாரு இல்லைன்னா? வாக்கு முக்கியம். முப்பத்தெட்டு வருஷமும் முக்கியம். எங்கப்பா இதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாரு, எமில்."

"உங்கப்பா ஃப்ளோரிடாவுல மீன் பிடிச்சிட்டிருக்காரு."

"பார்க்காமதானே பிடிச்சிட்டிருக்காரு?"

எமில் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் தொண்டையைச் செருமினார். "உன் மனசாட்சி சொல்றபடி செய், மகனே. உன் மனசாட்சி எங்க உட்காரணும்னு குழு தீர்மானம் போட்டிருக்கு."

"க்ளைட், நீ டைரக்டர். நீயாவது சொல்லு. அவ காத்திட்டிருப்பா."

"சீட்டு இல்லையே, எமில்."

"இருநூறு சீட்டு. எத்தனை டிக்கெட் போயிருக்கு?"

"பதினேழு. மிச்சத்தைக் கலை நோக்கத்தோட காலியா விட்டிருக்கேன்."

எமில் பூங்கொத்தைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்று, மூச்சை அடக்கி, அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் நாடக அரங்கு. வலப்பக்கம் ரூபி. ஒரு பெரிய மனிதருக்கு இப்படிப்பட்ட வேளையில் என்ன தோன்றும்? எமிலுக்கு, நாளைக்கு ரொட்டிக்கடையில் வழிவிடுவார்களா என்று தோன்றியது.

வலப்பக்கம் திரும்பினார்.

ரூபியில் அவரும் நீர்நாயும்தான். பூங்கொத்தை எட்டாம் இருக்கையில் வைத்தார். செய்தி உள்ளே வந்துவிடாமல் ஃபாதர் கதவருகில் காவல் நின்றார். கடமை தவறாமல் காதில் ரேடியோவும் வைத்திருந்தார். குட்டி பாடிற்று. பாட்டு எமிலுக்கு மனப்பாடம். ஆனால் வாய் வேறு எதையோ முணுமுணுத்தது. 'அப்பாவியா இருக்கிறவன் டிக்கெட்டைக் கசக்கி...' இந்நேரம் அந்த இடத்துக்கு வந்திருப்பாள் என்று நினைத்தார்.

குட்டி அம்மாவைக் கண்டுபிடித்த நேரத்தில் ஃபாதர் ஊளையிட்டார். பாதிரியார் ஒருவர் அப்படி ஊளையிட்டு எமில் கேட்டதில்லை. தேவாலய மணி, தீயணைப்பு வண்டி, கார்களின் ஹாரன் எல்லாம் சேர்ந்து அலறின.

எமில் பூங்கொத்தோடு வெளியே ஓடினார். ரத்தக் கையுறையோடு ஒருவர் பாய்ந்து கட்டிக்கொண்டார்.

"ஜெயிச்சிட்டோம்டா எமில்! கடைசிப் பந்து! வேலியைத் தாண்டி ஆத்துல போய் விழுந்துச்சாம்!"

"டொமினிக்! நீ ஏன் இங்க இருக்கே? நாடகம் முடிஞ்சுதா?"

"எங்க முடியும்? பதினேழு பேர்ல பதினஞ்சு பேர் காதுல ரேடியோ. ஒரே கத்தல், பதினேழு பேரும் எழுந்து ஓடிட்டாங்க. நான் மட்டும் நின்னு என்ன பண்ண?"

"லொரெய்ன் உன்னைப் பிடிச்சிட்டாளா?"

"இல்லையே. அவளுக்கு இன்னும் அரைப் பக்கம் வசனம் இருக்கு."

எமில் அரங்கை நோக்கி நான்கு அடி வைத்தார். ஐந்தாவது அடி தரையில் படவில்லை. ஊர் அவரைத் தோளில் தூக்கிவிட்டது. ஊர்வலம் அரங்கின் திறந்த கதவைத் தாண்டிப் போனபோது, அந்த உயரத்திலிருந்து உள்ளே நன்றாகத் தெரிந்தது. விளக்கு வெளிச்சத்தில், நீளக் கோட்டோடு, கையை நீட்டியபடி லொரெய்ன் பேசிக்கொண்டிருந்தார். எதிரே இருநூறு காலி நாற்காலிகள். வசனத்தில் ஒரு வரிகூட அவர் விடவில்லை.

"இறக்கி விடுங்கய்யா! இறக்கி விடுங்க!" என்று எமில் கத்தினார். அடக்கத்தைப் பார்த்து ஊர் இன்னும் உரக்க ஆரவாரம் செய்தது. சாமந்தி எங்கோ விழுந்து மிதிபட்டது.

புதன்கிழமை தீயணைப்பு நிலையத்து வாசலில் பாராட்டு விழா. ஊரே வந்திருந்தது. மேடையில் குழு. மேயர் அம்மையார் தாளை விரித்து வாசித்தார்: "மனைவி அழைத்தும் போகாதவர். சத்தியம் தடுத்தும் தளராதவர். அவர் ஐந்து நாளும் அங்கேதான் இருந்தார் என்பதற்கு மறுக்க முடியாத சான்று இதோ!"

கண்ணாடிச் சட்டத்துக்குள் ஐந்து ரூபி டிக்கெட்டுகள். எமில் ஒன்றைக்கூடத் தூக்கி எறியாமல் பர்ஸில் வைத்திருந்தார். குழு அதற்குத் தங்க விளிம்பு போட்டிருந்தது. கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.

"வெற்றி நாயகரோட துணைவியாரும் ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார் டொமினிக்.

லொரெய்ன் மேடையேறினார். இன்ஸ்பெக்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சட்டத்தைக் கையில் வாங்கி, ஐந்து டிக்கெட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒலிபெருக்கியை வாய்க்கு நேராகத் திருப்பினார். மூவாயிரம் பேர். பதினொரு வருடத்தில் அவருக்கு வாய்த்த முதல் முழு அரங்கு.

"அப்பாவியா இருக்கிறவன் டிக்கெட்டைக் கசக்கிக் குப்பையில போடுவான்" என்றார் நிதானமாக. "தான் அங்க இல்லைன்னு காட்ட டிக்கெட்டைப் பத்திரமா வெச்சிருக்கான் பாருங்க..."

நிறுத்தினார். டொமினிக் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிட்டார். ஆனால் லொரெய்னின் விரல் அவர் பக்கம் போகவில்லை. எமில் பக்கம் நீண்டது. அடுத்த வரி இன்னும் வரவில்லை. அந்த இடத்தில் வரி எடுத்துக் கொடுத்துப் பழகியவர் ஒருவர்தான். ஆகவே அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒலிபெருக்கியில் அது நன்றாகவே கேட்டது.

"'அவன்தான்'னு ஆரம்பிக்கும்" என்றார் எமில்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டியது. லொரெய்ன் தலை குனிந்து வணங்கிவிட்டு, முடிவைச் சொல்லாமலேயே மேடையிலிருந்து இறங்கிப் போனார்.

முடிவு தெரியாமல் ஊருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரும் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு நாடகத்தை மறுபடி போடுகிறார்கள். புதிய பூங்கொத்தோடு எமில் வாசலில் நிற்பார். அவரை உள்ளே விடுவதா என்று லொரெய்ன் இன்னும் தீர்மானம் போடவில்லை. இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், ஒரே ஒரு வேண்டுகோள்: போய் உட்காருங்கள், கொலைகாரன் பிடிபடும்வரை எழுந்து போகாதீர்கள்.