கோவா மாஸ்டர் கொடுத்த முதலிடம்

நாலாம் கிளாஸோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான்தான் அதைக் கைவிட்டேன் என்பது என் கட்சி. அதற்கப்புறம் ராஜபாளையத்தில் நான் கட்டியதைக் கேளுங்கள். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டினேன். சொந்தமாக மைக்செட் கட்டினேன். இங்கே என் குழாய் ஸ்பீக்கர் வாயைத் திறந்தால் தளவாய்புரத்தில் தொட்டில் பிள்ளை முழித்துக்கொள்ளும். கடைசியாக, “இதெல்லாம் நம்ம ஊருக்கு ஆவாது மச்சான்” என்று பெண்டாட்டியின் தம்பியே சிரித்தபோது, பழைய டிவி, வேப்பம்பலகை, கப்பலில் வந்த கேம் போர்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டி வீடியோ கேம் மிஷினே கட்டினேன்; நாலைந்து சேர்ந்ததும் கடையும் போட்டேன். டிப்ளமோ படித்தவன் படம் வரைந்து பார்ப்பான். எனக்குப் படம் வேண்டாம், கரண்ட் என் கையைக் கேட்டுத்தான் போகும்.

இப்படிப்பட்ட என்னை வருஷத்துக்கு ஒரு நாள் நடுங்க வைக்க இந்த உலகத்தில் ஒரே ஒரு மனுஷனால்தான் முடிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர். சொந்தப் பெயரைக் கேட்டால் அவருக்கே செத்த நேரம் யோசிக்க வேண்டியிருக்கும். எல்லோருக்கும் அவர் கோவா மாஸ்டர்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் கடையில் மீசை முளைக்காத கூட்டம்தான் அதிகம். அதற்கு நடுவில் நாற்பது தாண்டிய மாஸ்டர், தோளில் துண்டோடு, கடாயோடு மல்லுக்கட்டிய புஜத்தோடு வந்து நிற்பார். லீவு நாள் என்றால் காலை முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவார். மிஷின் கண்ணாடியைத் துண்டால் துடைப்பார், கும்பிடுவார், பிறகுதான் காசு போடுவார். அவர் ஆடிவிட்டுப் போன ஜாய்ஸ்டிக்கில் எறும்பு ஏறும். நான் பொய் சொல்லவில்லை, எறும்புப்பொடி வாங்கியே நொந்துபோனேன்.

இதெல்லாம் சின்ன விஷயம். ஒவ்வொரு மாட்டுப்பொங்கல் அன்றும் மத்தியானம் என் கடை ஸ்டூலில் ஏறி நின்று, அந்த வருஷத்துக் கேம்களில் சிறந்த மூன்றை அறிவிப்பார். அதுதான் பெரிய விஷயம். அவர் ஆடியது என் கடையில் மட்டுமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்துக்கு வரும் பொருட்காட்சிக் கொட்டகை, சிவகாசி, எங்கே மிஷின் கத்தினாலும் அங்கே போய்க் கை வைத்துப் பார்த்துவிட்டு வருவார். தீர்ப்பு எல்லாமே அடுப்படித் தீர்ப்புதான்.

“மாஸ்டர், குத்துச்சண்டை கேமுக்கு எத்தனாவது ரேங்கு?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்பான்.

“ஆரம்பத்துல நல்ல வாசமாத்தான் இருக்கு. பெரிய பயில்வான் வந்தவொடன அடிப்பிடிச்சிருதே! ரேங்கு கெடையாது.”

“பிளேன் சண்டை?”

“சீனி சாஸ்தி. கண்ண மூடிக்கிட்டுச் சுட்டாலும் அம்புட்டுப் பயலும் சாவுதான். திகட்டுதுல்லா? மூணாவது.”

முதலிடம் பெற்ற மிஷினின் தலையில், அவரே கிண்டிய பால்கோவாப் பொட்டலம் ஒன்றை வைப்பார். சாயங்காலம் வரை யாரும் தொடக் கூடாது. ஒரு வருஷம், “மிஷினுக்கு வாயா இருக்கு? எனக்கு ஒரு விள்ளல் தாருமேன்” என்று கேட்டுவிட்டேன்.

“ஏன் அண்ணாச்சி, ஜெயிச்சது மிஷினா, நீரா?” என்றார்.

கட்டினவன் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கை தட்டிவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள். அந்தப் பொட்டலம் எந்த மிஷின் மேல் உட்கார்ந்ததோ, அடுத்த பொங்கல் வரை வரிசை அதன் முன்னால்தான். மற்ற மிஷின்களில் சிலந்தி குடும்பம் நடத்தும்.

இப்படி இருக்கும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர் புதுக் கடை திறந்தார். கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ளே போனால் ஆஸ்பத்திரிக் குளிர். மிஷினெல்லாம் வெளிநாட்டில் கட்டினது. என் வேப்பம்பலகை மிஷின்கள் அதன் முன்னால் கோழிக்கூண்டு மாதிரி தெரிந்தன. பாதிக் கூட்டம் அன்றைக்கே அங்கே போய்விட்டது. மீதிக் கூட்டம் மாஸ்டர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வரும் மாட்டுப்பொங்கலுக்குப் பொட்டலம் அந்தக் கடைக்குப் போனால், நான் திரும்ப மோட்டாருக்குக் காயில் கட்டப் போக வேண்டியதுதான்.

என் கையில் இருந்த ஒரே நம்பிக்கை, தீபாவளிக்குக் கட்டி முடித்த ‘மலைரோடு கார்’. அதில் ஒரு விசேஷம். ஜாய்ஸ்டிக்கை இடது பக்கம் இழுத்தால் கார் வலது பக்கம் போகும். வலது பக்கம் இழுத்தால் இடது பக்கம் போகும். வயரை நான் மாற்றிப் பற்றவைத்துவிட்டதாகச் சில பேர் சொன்னார்கள். அவர்களுக்கு என் தொழில் தெரியாது.

பையன்கள் முதல் வளைவிலேயே பள்ளத்தில் போய் விழுந்தார்கள். “ஏலே, இது காரா கழுதையா?” என்று மிஷினை உதைத்தார்கள். மாஸ்டர் மட்டும் உட்கார்ந்தார், பிடித்தார், மலையுச்சி வரைக்கும் போய்விட்டுத்தான் எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “இப்பத்தான் அண்ணாச்சி என் கைக்கு ஒரு கேமு வந்திருக்கு” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மலைரோடு என்றால் அவருக்குப் பிரியம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு பிடித்த மிஷினை இன்னும் சீராக்கி வைத்தால் முதலிடம் நிச்சயம் என்று கணக்குப் போட்டேன். பொங்கலுக்கு முன்னால் மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக் தம்பியை வரவழைத்தேன். வயரை நேராக்கினான். பெயின்ட் அடித்தேன். சந்தனம், குங்குமம் வைத்தேன்.

மாட்டுப்பொங்கல் வந்தது. கடைக்குள் கால் வைக்க இடமில்லை. மாஸ்டர் பொட்டலத்தோடு வந்தார். அறிவிக்கும் முன்னால் கடைசியாக ஒருதரம் கை வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். மலைரோடு காரில் உட்கார்ந்தார். முதல் வளைவு. கார் பள்ளத்தில். இன்னொரு காசு. திரும்பவும் பள்ளத்தில்.

மாஸ்டர் எழுந்தார். கண் சிவந்திருந்தது.

“யாருவே இதுல கை வச்சது?”

“நேராக்கி வச்சிருக்கேன் மாஸ்டர். இப்ப எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கமே போவும்.”

“அத எவன் கேட்டான்? கோவா கிண்டுற துடுப்பு பிடிச்சுப் பார்த்திருக்கீரா? அடிக்கை அசையாம நிக்கும். மேல்கைய இந்தப் பக்கம் தள்ளுனா, கடாய்க்குள்ள துடுப்பு அந்தப் பக்கம் போவும். இருவது வருசமா என் கை அப்படித்தான் போவுது. மத்த கேமெல்லாம் நான் மூளைய வச்சு ஆடுறேன். இது ஒண்ணுதான் கையே ஆடுச்சு. அதையும் கெடுத்துட்டீரே!”

பொட்டலத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். கூட்டமும் பின்னாலேயே திரும்பியது. எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டுமா? ஏசிக் கடைப் பக்கம்.

“மாஸ்டர்! செத்த நேரம் நில்லும்! ஒரு காப்பி குடிச்சு முடிக்கிற நேரம்!”

மிஷினைப் பின்பக்கமாகத் திறந்தேன். வயர் பற்றவைக்கும் சால்டரிங் கம்பி சூடாகும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. வேடிக்கை பார்க்கத் தங்கியிருந்த மெக்கானிக் தம்பி, “அண்ணாச்சி, தப்பா வைக்கீங்க” என்று அலறினான். “பேசாம இருலே” என்றேன். இடதை வலதாக்கினேன், வலதை இடதாக்கினேன். விரல் சுட்டது. புதுப் பெயின்ட் கருகிய நாற்றம் வந்தது. மூடினேன்.

மாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தார். முதல் வளைவு திரும்பியது. ரெண்டாவதும் திரும்பியது. பாதி மலையில் அவர் உதடு பிரிந்தது. உச்சியில் கார் கொடியைத் தாண்டியதும் மில் சங்குக்கு மேல் சத்தம் எழுந்தது.

ஸ்டூலில் ஏறினார். மூணாவது, பிளேன் சண்டை. ரெண்டாவது, ஏசிக் கடையின் பைக் ரேஸ். “பாலு நல்ல பாலு, கிண்டத் தெரியாத கை.” முதலாவது, மலைரோடு கார். “பதம்னா இதான் பதம். இந்த கேம யோசிச்ச வெளிநாட்டுக்காரன் நல்லா இருக்கணும்!”

“அப்ப நான்?” என்றேன், சுட்ட விரலைத் தூக்கிக் காட்டி.

“அடுப்பு மூட்டுனவனுக்கெல்லாம் கோவாவுல பேரு போட முடியுமா அண்ணாச்சி?”

சொல்லிவிட்டு, பொட்டலத்தை மிஷின் தலையில் வைத்தார். யாரும் பார்க்காதபோது ஒரு விள்ளலைப் பிய்த்து என் வாயில் திணித்தார். அந்த வருஷம் முழுக்கப் பையன்கள் கையை மாற்றிப் பழகுவதற்காக வரிசையில் நின்றார்கள். ஏசிக்காரரும் தன் மிஷின் ஒன்றில் வயரை மாற்றிப் பார்த்தாராம். “டூப்ளிகேட்” என்று ஒருவனும் தொடவில்லை.

பிறகு வீட்டுக்கு வீடு கேம் வந்தது, என் கடை போனது. மாஸ்டரும் மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார். இப்போது வருஷக் கடைசியில் படித்தவர்களெல்லாம் இந்த வருஷத்தின் சிறந்த கேம் என்று ரேங்க் போடுகிறார்கள். தாராளமாகப் போடட்டும். ஆனால் இந்தப் பக்கத்தில் அதை ஆரம்பித்தவர் கோவா மாஸ்டர் என்றும், அவர் முதலிடம் கொடுத்த காரில் இடதை வலதாக்கியவன் நான் என்றும் சேர்த்து எழுத வேண்டும். வெளிநாட்டுக்காரனுக்கு எவ்வளவோ, அதில் பாதி எனக்கு வந்தாக வேண்டும்.

சாட்சிக்கு மிஷின் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. பார்க்கிறவர்களெல்லாம் வயரை நேராக்கித் தருகிறேன் என்கிறார்கள். நான் விடுவதில்லை. மனுஷன் திடீரென்று ஒரு நாள் வந்து உட்கார்ந்தால், கார் பள்ளத்தில் விழக் கூடாதில்லையா?